பாட்டியின் கால்

அன்புள்ள சங்கருக்கு,

நலமா? டொராண்டோ குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா? இங்கே கோத்தகிரியில் உறைபனி விழுந்து, பள்ளத்துத் தேயிலை கருகிவிட்டது. சரி, அதை விடு.

பாட்டிக்கு ஆபரேஷன் முடிந்து இன்றோடு 11 நாள். "91 வயசுல எதுக்கும்மா கத்தி" என்று கேட்டவன், அப்புறம் போனே பண்ணவில்லை. பணம் அனுப்பினாய், இல்லையென்று சொல்லவில்லை. என் பையன் அனுப்பினான் என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்டதாம். பந்து மாதிரி இருக்கும் அதன் தலைக்கு ரத்தம் போகும் வழி அறுந்துபோனால், இந்த வயதில் ஒட்டுவது கஷ்டம். அதனால் அந்தப் பந்தை மட்டும் எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். இடுப்புக் குழி அவளுடையதேதான். கழுத்துக்குக் கீழே உடைந்திருந்தால், எலும்புக்குள் கம்பி விட்டுத் திருகாணி போட்டிருப்பார்களாம். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் படுக்கையிலேயே விட்டால் முதுகில் புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தக்கட்டி. திரும்பிப் படுக்கும்போதெல்லாம் வலி. அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து, நான்கு அடி வைத்தாள். உன் பாட்டியாயிற்றே.

ராத்திரியானால் தாத்தாவைத் தேடுகிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதுண்டாம், பெரும்பாலும் தெளிந்துவிடுமாம். உன்னையும் கேட்கிறாள். ஒரு போன் பண்ணு.

சங்கர், விழுந்த அன்றைக்கே நான் பார்த்தேன். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. சுளுக்கு என்று இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் ஆம்புலன்ஸ். மேட்டுப்பாளையம் இறங்கும் வரை வளைவுக்கு வளைவு என் கையைப் பிடித்துக் கத்தினாள். "இதெல்லாம் ஒன்றிரண்டு நாளுக்குள் செய்ய வேண்டியது, ஏம்மா இவ்வளவு தாமதம்?" என்று கோயம்புத்தூரில் டாக்டர் கேட்டார். "பையனைக் கேட்கக் காத்திருந்தோம்" என்று சொல்லிவிட்டேன். உனக்கு நான் போன் பண்ணியதே அதற்கு அப்புறம்தானே.

சித்தியும் பக்கத்தில் நின்றாள். அதனால்தான் உன்னிடம் அப்படிப் பேசியிருக்கிறாள். இன்னும் அவளிடம் மாற்றிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

காதை மூடிக்கொள். போன் பண்ணு.

அம்மா