வீடும் வேலையிடம்தான்: தொழிலாளர் நலத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தபோது, 15 முதல் 18-ம் தேதி வரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடும்படி ஐடி நிறுவனங்களை அரசே கேட்டுக்கொண்டது. நல்ல முடிவு. மழை விட்டதும் அந்தப் பேச்சும் நின்றுபோனது. அதை மறுபடி தொடங்கத்தான் எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போகிறவள் நான். மெட்ரோ பணிக்கு அடைத்த தடுப்புகளை ஒட்டி வண்டிகள் ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு நாளின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பள்ளி விட்டு வரும்போது கதவைத் திறக்க ஆள் இருக்கும். ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்றால், லீவு போடாமல் தென்காசியில் இருந்தே வேலையை முடித்துவிடலாம். 2020 மார்ச் வரை இதெல்லாம் நடக்காது என்று சொன்ன நிறுவனங்கள், ஊரடங்கு வந்ததும் சில வாரங்களில் நடத்திக் காட்டின.

ஆனால் வீட்டுக்குள் வந்த வேலைக்கு நேரம் காலம் இல்லாமல் போய்விட்டது. அலுவலகச் சாட் செயலியில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். சில நிமிடம் கம்ப்யூட்டரைத் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். அதற்குப் பயந்து, ஒரு கையால் மவுஸை நகர்த்திக்கொண்டே மறு கையால் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் கேன்டீனுக்குப் போனால் யாரும் தேடுவதில்லை. வீட்டில் இருந்தால் மட்டும் சந்தேகம். இப்படிப் பகலெல்லாம் உட்கார்ந்தவரை, இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க கிளையன்ட்டோடு ஆன்லைன் மீட்டிங்குக்கும் கூப்பிடுகிறார்கள். "வீட்டுலதானே இருக்கீங்க" என்கிறார் மேனேஜர். "வீட்டுலதானே இருக்கே, குக்கரைக் கொஞ்சம் பாரேன்" என்கிறார்கள் வீட்டில். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெண்கள்தான்.

செலவும் எங்கள் தலையில்தான். வைஃபை, நாற்காலி, கோடையில் ஏறும் கரண்ட் பில், பராமரிப்புக்காகக் காலையிலேயே மின்சாரம் நிறுத்தும் நாளுக்கு ஓர் இன்வெர்ட்டர். அலுவலகத்தில் இவையெல்லாம் நிறுவனத்தின் செலவு.

எல்லோரையும் நிரந்தரமாக வீட்டிலேயே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் அலுவலகத்தில் நாற்காலியைத் திருப்பி ஒரு நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதை, வீட்டிலிருந்து கேட்கத் தயங்கி அரை நாள் திணறுகிறான். பழைய மகாபலிபுரம் சாலையின் டீக்கடைகளும் கேப் ஓட்டுநர்களும் எங்களை நம்பி இருப்பதும் தெரியும். வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் இங்கே என்பதே என் கட்சி. எந்த நாள் எங்கே என்பதை மேனேஜரின் மனநிலை முடிவு செய்யக் கூடாது.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்க மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் வழிவிட்டது. ஆனால் நிறுவனமும் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. கேட்கிற பெண்ணின் கையில் எதுவும் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம், குடியிருக்கும் வீட்டையும் பணியிடம் என்றே கணக்கில் எடுக்கிறது. அப்படியிருக்க, வேலை நேரத்துக்கு மட்டும் ஏன் வீடு கணக்கில் வரக் கூடாது? போர்ச்சுகல் 2021-லேயே, வேலை நேரம் முடிந்த பிறகு ஊழியரைத் தொந்தரவு செய்யக் கூடாது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் கூடும் செலவை நிறுவனம் தர வேண்டும் என்று சட்டம் போட்டது.

நமக்கும் வழி இருக்கிறது. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றம் திருத்தியது இதே சட்டத்தைத்தான். துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால்வலி சட்டமன்றம் வரை எட்டியது எனக்குப் பெரிய நம்பிக்கை.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு சேருங்கள். வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கும் லாகின், லாக் ஆஃப் நேரம் பதிவாக வேண்டும். 8 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைம் தர வேண்டும். இரவு மீட்டிங்குக்கு வர முடியாது என்றவரின் அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டில், கை வைக்கக் கூடாது. இன்டர்நெட்டுக்கும் மின்சாரத்துக்கும் மாதம் ஒரு தொகை தர வேண்டும். வீட்டு நாள் கேட்டு மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். வரைவு தயாரிக்கும்போது நிறுவனத் தலைவர்களோடு எங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஐடி ஊழியர், தாம்பரம்