பட்டறை மாடிக்கும் ஏறி வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வார்டுகளைப் பற்றியும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே யாரும் விட்டுப்போகக் கூடாது என்பது பற்றியும் சில வார்த்தை. கீழ ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்தில் குடியிருக்கிறோம். கீழே நோட்டுப் புத்தகக் கடை, மாடியில் வீடு. அக்கம்பக்கத்தில் கோலம் போடும் வாசல்களை இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் குடோன், லாட்ஜ், நகைப் பட்டறை.

இந்தத் தேய்மானம் இன்று நேற்று தொடங்கியதல்ல. 1991இல் 9.40 லட்சமாக இருந்த மாநகராட்சி மக்கள்தொகை 2001இல் சற்றுக் குறைந்தே போனது. ஆனையூர், அவனியாபுரம், திருநகர் என்று ஜனங்கள் எல்லை தாண்டிக் குடியேறினார்கள். 2011இல் அந்த ஊர்களையும் சேர்த்து 72 வார்டுகளை 100 ஆக்கினார்கள். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது விதி. கோபுரம் கண்ணில் பட வேண்டுமென்றால் அது வேண்டியதுதான். (அதையும் மீறி எழுந்த லாட்ஜுகள் மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போனது தனிக்கதை.) ஆனால் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் இன்னொரு மாடி எழுப்ப வழியில்லை, ஒருவர் மூட்டை கட்டத்தான் வேண்டும்.

என் கொழுந்தனார் அப்படித்தான் ஆனையூருக்குப் போனார். ஓட்டு மட்டும் இங்கேயே இருந்தது. 2022 பிப்ரவரி 19 அன்று வார்டுத் தேர்தலுக்குக் குடும்பத்தோடு வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். வாக்குச்சாவடி வாசலில் அவரைப் போல எத்தனையோ பழைய தெருக்காரர்கள்; கல்யாண வீடு மாதிரி குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் சந்தில் தண்ணீர் வராவிட்டால் அவர்களுக்கென்ன? 2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் படிவம் பழைய முகவரிக்கே வந்தபோது, "குடியிருக்கிற இடத்தில்தானே ஓட்டு இருக்கணும், மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். "எங்கப்பா இருந்த வீடு, மதினி" என்று முறுக்கிக்கொண்டார். பிறகு ஒருவழியாக மாற்றிக்கொண்டார். நியாயம் அதுதான்.

அவர் போனார், சரி. இங்கேயே இருப்பவர்கள்? எங்கள் எதிர் வீட்டு மாடியில் நகைப் பட்டறை. வங்காளத்திலிருந்து வந்த பையன்கள். அதே பலகையில் வேலை, அதே தரையில் படுக்கை, ஓரத்தில் ஸ்டவ். கழுவிய தண்ணீரில்கூடப் பொன்துகள் போகும் என்பதால், விடியுமுன் சாக்கடை மண்ணை அள்ளிச் சட்டியில் அரிக்க ஆட்கள் வருகிறார்கள். அந்த மண்ணுக்கு இருக்கிற கிராக்கி அந்தப் பையன்களுக்கு இல்லை. எங்கள் குழாய்த் தண்ணீரைத்தான் அவர்களும் குடிக்கிறார்கள், எங்கள் குப்பை வண்டியில்தான் அவர்கள் குப்பையும் போகிறது. கவுன்சிலர் யாரென்று கேட்டால் சிரிக்கிறார்கள். வார்டில் மக்கள் குறை சொல்லக் கூட்டும் பகுதி சபைக்கும் அவர்கள் போக முடியாது. அந்தப் பகுதி வாக்காளர்கள்தான் அதில் உறுப்பினர்.

ஓட்டு வேண்டுமானால் பெயரைச் சேர்த்துக்கொள்வதோ ஊரிலேயே வைத்துக்கொள்வதோ அவர்கள் இஷ்டம். தலைக்கணக்கு அப்படியல்ல. சென்ற முறை வார்டு எல்லைகளைப் பிரித்தது 2011 கணக்கெடுப்பை வைத்துத்தான். அடுத்தது, 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு. வழக்கமாக எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கே ஒருவரைக் கணக்கில் எழுதுவதுதான் முறை. பட்டறைப் பையன்கள், ஜவுளிக்கடை விடுதிப் பெண்கள், மெஸ்ஸிலேயே படுத்துறங்கும் சமையல்காரர்கள் எல்லோரும் இந்த வார்டின் ஜனத்தொகை. கீழே ஷட்டரைப் பார்த்துவிட்டு 'கடை' என்று எழுதிப் போய்விட்டால், அத்தனை பேரும் விட்டுப்போவார்கள். வாக்காளர் பட்டியலும் இளைத்து, தலைக்கணக்கும் இளைத்தால் அடுத்த வார்டு எல்லை வரையறையில் இங்குள்ள இரண்டு மூன்று வார்டுகளை ஒன்றாக்கிவிடுவார்கள். பகலில் வந்துபோகும் கூட்டமோ குறையப்போவதில்லை. சித்திரைத் திருவிழாக் குப்பையும் சபரிமலை சீசன் நெரிசலும் அப்போது ஒரே கவுன்சிலர் தலையில். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் தனி அதிகாரிகள் காலத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். அவசரத்துக்குச் சொல்ல ஓர் ஆள் இருப்பதன் அருமை தெரியும்.

ஆகவே கணக்கெடுப்பாளர்களாக வரவிருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணி மூல வீதிகளிலும் மாசி வீதிகளிலும் ஷட்டருக்குப் பக்கத்தில் குறுகலாக ஒரு மாடிப்படி இருக்கும், ஏறிப் பாருங்கள். வார நாளில் போனால் முதலாளிதான் பதில் சொல்வார், அதுவும் பாதி. ஞாயிற்றுக்கிழமை மதியம், சமைக்கிற நேரத்தில் போனால் எல்லோரும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
கீழ ஆவணி மூல வீதி வாசகி,
மதுரை 625001