கோலுக்கு முன் லைன்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய அவா. உன் கடிதம் வந்து சேர்ந்தது. தோள்வலி எனக்குப் பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆயினும் நீண்ட வீச்சுகளை இன்னும் சில காலம் தவிர்க்குமாறு மருத்துவர் சொல்லியிருப்பதால் சிற்றோடைகளோடு நின்றுகொள்கிறேன். தம்பி மகனும் ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது இறகு இரையை வீசி மீன் பிடிக்கும் நம் முறையில், இறங்கிவிட்டான் என்பதுதான் வீட்டில் புதுச் செய்தி. என் பழைய ரீல் இப்போது அவன் கையில் இருக்கிறது. அது திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். எண் அழிந்துபோன ஒரு பழைய ஃபைபர் கிளாஸ் தூண்டில் கோலும், எந்த விவரமும் எழுதப்படாத ஒரு லைனும், அதாவது வீசும் தடித்த கயிறும், உன்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. கையில் உள்ள சிறு தொகைக்கு முதலில் நல்ல கோல் ஒன்றை வாங்கிவிட்டு, லைனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதே என் பதில். பணம் குறைவாக இருப்பவன் முதலில் லைனுக்குத்தான் செலவிட வேண்டும். கோல் சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். மற்றத் தூண்டில் முறைகளில் ஈயக்குண்டோ கனமான செயற்கை இரையோ முன்னே பறந்து நரம்பை இழுத்துச் செல்லும். நம் முறையில், ஃப்ளை என்னும், இறகும் நூலும் சுற்றிய கொக்கிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான எடை இல்லாததால், கோலை வளைப்பதும் ஃப்ளையை மீனிடம் கொண்டு சேர்ப்பதும் லைனின் எடைதான்.

அந்த எடைக்கு ஒரு பொது அளவு இருக்கிறது. 1960-ஐ ஒட்டி அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் வகுத்த முறைப்படி, லைனின் முதல் 30 அடி, அதாவது 9.14 மீட்டர், எவ்வளவு எடை உள்ளதோ அதை வைத்தே அதன் எண் குறிக்கப்படுகிறது. நுனியில் சீரான தடிமனில் ஒரு சிறு துண்டு இருந்தால் அது கணக்கில் சேராது. கிரெயின் என்னும் சிறு எடை அலகில், 4-ஆம் எண்ணுக்கு 120 கிரெயின், 5-க்கு 140, 6-க்கு 160, 7-க்கு 185, 8-க்கு 210 என்று அந்த வரிசை போகும். கிராமில் சொன்னால் முறையே 7.8, 9.1, 10.4, 12.0, 13.6. அதற்கு முன்பெல்லாம் தடிமனைக் கொண்டு எழுத்துகளால் குறித்தார்கள். உன் கோலில் எங்காவது ஹெச்.டி.ஹெச். என்று மங்கலாகத் தெரிந்தால் அது ஏறத்தாழ இன்றைய 6-ஆம் எண் டபுள் டேப்பர், அதாவது இரு முனையும் மெலியும் லைன், என்று கொள். பட்டு லைன் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்த பிறகு ஒரே தடிமனுள்ள இரண்டு லைன்கள் வெவ்வேறு எடையில் இருந்ததால் எழுத்து முறை பயனற்றுப் போயிற்று.

லைனின் எண் எடைபோட்டுச் சரிபார்க்கக்கூடியது. கோலின் மேல் எழுதியிருக்கும் எண்ணோ, தயாரித்தவர் தம் அனுபவத்தில் கூறும் ஒரு கருத்துதான். ஆகவே உன் வேலை தராசில் தொடங்குகிறது. சமையலறைத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். 5-க்கும் 6-க்கும் இடையே உள்ள வித்தியாசமே 1.3 கிராம் என்பதால் அது உதவாது. 0.1 கிராம் வரை காட்டும் சிறு நகைத் தராசு ஒன்றைக் கடன் வாங்கு. லைனை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்திவிடு, ஏனென்றால் அழுக்கும் ஈரமும் எடையைக் கூட்டிக் காட்டும். பிறகு தரையில் நேராக நீட்டி, லீடர் என்னும் மெல்லிய நைலான் நரம்பைக் கட்டும் முனையிலிருந்து (சீரான நுனித்துண்டு இருந்தால் அதை விட்டு) 9.14 மீட்டர் அளந்து, அந்த இடத்தில் ஒரு நூலைக் கட்டு. அதுவரையுள்ள பகுதியை மட்டும் சுருட்டித் தட்டில் வை. மீதி தராசின் மேல் தொங்கி இழுக்காதபடி, தட்டின் மட்டத்திலேயே ஒரு புத்தகத்தின் மேல் கிடக்கட்டும். 10.2 என்று காட்டினால் அது 6-ஆம் எண் லைன். அனுமதிக்கப்படும் விலகல் எல்லை இருபுறமும் 5-க்கு 6 கிரெயின், அதாவது சுமார் 0.4 கிராம்; 6-க்கு 8 கிரெயின், அதாவது சுமார் 0.5 கிராம். விடை தெரிந்ததும் அழியாத மை கொண்டு நுனிக்கு அருகில் குறித்துவிடு: பட்டையான கோடு ஒன்று ஐந்தைக் குறிக்கும், மெல்லிய கோடு ஒவ்வொன்றும் ஒன்றைக் குறிக்கும். 6-க்கு ஒரு பட்டைக் கோடும் ஒரு மெல்லிய கோடும் போதும்.

கோலின் வலிமையை அறியவும் செலவில்லாத வழி உண்டு. வில்லியம் ஹன்னமன் என்பவர் அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களைக் கொண்டு ஒரு முறையை வகுத்தார். கோலைக் கிடைமட்டமாகப் பிடித்து நிறுத்தி, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, நுனி கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழிறங்கும்வரை நாணயங்களைப் போட வேண்டும். 1982-க்குப் பின் அச்சான சென்ட் 2.5 கிராம் என்பதால் அவர் அதைத் தேர்ந்தார். நீ அரிசியைப் போட்டு எடை பார்த்தாலும் ஒன்றுதான். எண் தெரிந்த, ஏறத்தாழ அதே நீளமுள்ள ஒரு கோலை யாரிடமாவது வாங்கி இரண்டையும் இப்படி ஒப்பிட்டுப் பார். உன் எட்டரை அடிக் கோலின் நுனி சுமார் 86 செ.மீ. இறங்க வேண்டும். இந்தச் சோதனை கோலின் வலிமையைக் காட்டுமே தவிர, எவ்வளவு விரைவாக நிமிர்கிறது என்பதைக் காட்டாது. ஃபைபர் கிளாஸ் மெதுவாகத்தான் நிமிரும். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை.

லைன் பெட்டியின் எண்ணும் கோலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் எல்லாம் பொருந்திவிட்டது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் 9.14 மீட்டர் லைன் நுனிக்கு வெளியே இருக்கும்போது செல்லுபடியாகும் எண். நீ மீன் பிடிக்கும் ஓடையில் மீன் 10 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள். முன்னே நீட்டிய கோல் இரண்டரை மீட்டருக்கு மேல், லீடர் 2.7 மீட்டர், இரண்டையும் கழித்தால் கோலின் நுனிக்கு வெளியே இருக்கும் லைன் ஐந்து மீட்டர்கூட இராது. அதுவும் மெலிந்து செல்லும் முன்பகுதி என்பதால் அதன் எடை பொது அளவில் பாதிக்கும் கணிசமாகக் குறையும். கோல் விறைப்பானதாக இருந்தால் அந்த எடைக்கு வளையவே வளையாது. வீசுகிறவன் தன் கையைத்தான் நொந்துகொள்வான். எனவே சிறிய நீர்நிலைகளில், விறைப்பான கோலுக்கு ஓர் எண் கூடுதலான லைனைப் போடுவது நியாயமே. பெரிய ஏரியில் நீண்ட டபுள் டேப்பர் லைனை வெகுதூரம் காற்றில் தாங்கி வீசுகிறவனுக்கு நிலைமை நேர்மாறு. அவனுக்கு ஓர் எண் குறைத்தாலும் குறையில்லை. உன் பழைய கோல் இயல்பாகவே இளக்கமானது, அதற்கு எண்ணைக் கூட்ட வேண்டியிராது என்றே நினைக்கிறேன்.

எண்ணைக் கூட்டுவதற்கு முன் பெட்டியின் பின்புறத்தையும் படி. இக்காலத்து விறைப்பான கிராஃபைட் கோல்களை மனத்தில் கொண்டு, பல லைன்களைத் தயாரிப்பவர்களே அரை எண்ணோ ஓர் எண்ணோ கனமாகச் செய்து 5 என்று எழுதி விற்கிறார்கள். 30 அடியின் கிரெயின் எடை பெரும்பாலும் சிறிய எழுத்தில் அங்கேயே இருக்கும். அதில் 155 அல்லது 160 என்று கண்டால் அது பெயரளவில்தான் 5. அதற்கு மேலும் ஓர் எண் கூட்டினால் உன் இளகிய கோல் தாங்காது.

எந்த வடிவம் வாங்குவது என்று தயங்காதே. சிக்கனக்காரனுக்கு டபுள் டேப்பர்தான். இரு முனையும் ஒரே வடிவில் மெலிவதால் ஒரு முனை தேய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இன்னும் ஒரு படி மேலே போய், 27 மீட்டர் லைனை நடுவில் வெட்டி, ஒவ்வொரு பாதிக்குப் பின்னும், ரீலில் அடியில் சுற்றும் பேக்கிங் கயிற்றைக் கட்டினால் இரண்டு லைன்கள் கிடைக்கும். பதின்மூன்றரை மீட்டருக்கு மேல் லைன் தேவைப்படாத ஓடைகளில் இதனால் ஒரு நட்டமும் இல்லை. கனம் முழுவதும் முன்பகுதியில் இருக்கும் வெயிட் ஃபார்வர்டு லைன் தொலைவீச்சுக்கும் காற்றுக்கும் நல்லது, ஆனால் அதன் முன்பகுதி போனால் எல்லாமே போயிற்று.

ரீலுக்கு அதிகம் செலவு செய்யாதே. ஓடை மீன்களுக்கு அது லைனைச் சுற்றிவைக்கும் ஒரு பெட்டி. டக்டக்கென்று ஓசையிடும் பழைய வகையே தாராளம். லீடரை விலைக்கு வாங்காமல், 0.50 மி.மீ. தடிமனில் தொடங்கி 0.15-இல் முடியும்படி நைலான் துண்டுகளைப் படிப்படியாக முடிச்சிட்டு நீயே செய்துகொள்ளலாம். மொத்த நீளத்தில் சுமார் 60 சதவீதம் தடித்த பகுதியாகவும், மீதி சமமாக இடைப்பகுதியும் நுனிப்பகுதியுமாகவும் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் உடனே செய். உன் கோலின் வளையங்கள் ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் ஒரு பஞ்சுத் துணுக்கை மெதுவாக இழுத்துப் பார்; பஞ்சின் இழை எங்கேனும் சிக்கினால் அங்கே உலோகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளம் புது லைனின் பூச்சைச் சில நாளில் அரம்போல் சுரண்டிவிடும். நுனி வளையத்தில்தான் பெரும்பாலும் இது வரும், அதை மாற்றுவது எளிது. கொசு விரட்டும் மருந்தைத் தேய்த்த கையாலும் லைனைத் தொடாதே, அதிலுள்ள டீட் என்னும் பொருள் அந்தப் பூச்சை இளக்கிவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன், லைன் எத்தனை கிராம், கோலின் நுனி எத்தனை கிராமுக்கு இறங்கிற்று என்ற இரண்டையும் எனக்கு எழுது. பாதியாக வெட்டிய 6-ஆம் எண் டபுள் டேப்பர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. உன் கோல் அதற்குப் பொருந்துமானால் அதையே அனுப்பிவைக்கிறேன், மிச்சமாகும் தொகையில் உனக்கு ஒரு ரீல் தேறிவிடும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்