செயலாளரின் ஆண்டறிக்கை: இங்கிலாந்தின் ஸ்விண்டன் ரயில் குடியிருப்பில் நம் பள்ளி நாட்கள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலில் இரங்கல். ரயில் எஞ்சின்கள் கட்டிய பணிமனையின் சங்கு கேட்டு எழுந்து பள்ளிக்கு ஓடிய தலைமுறையைச் சேர்ந்த சிலரை இவ்வாண்டு இழந்தோம். அவர்களில் ஒருவருடைய பேச்சைப் பதிவு செய்ய நாள் குறித்திருந்தோம். அந்த நாள் வருவதற்குள் அவர் போய்விட்டார். எஞ்சின்களுக்கு 2000-இல் அருங்காட்சியகம் வந்துவிட்டது. பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சினான ஈவினிங் ஸ்டாருக்கு 1960 மார்ச்சில் இங்கேதான் பெயர் சூட்டினார்கள். அது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அப்போது இந்தத் தெருப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள், யார் வீட்டு அடுப்படியில் ரொட்டி தின்றார்கள் என்பதை நாம் சொன்னால்தான் உண்டு. அதனால் வழக்கமான கூட்டங்களைக் குறைத்துக்கொண்டு, நினைவு பகிரும் மாலைகளை நடத்தினோம்.

எல்லோர் பேச்சிலும் முதலில் வந்தது சங்குதான். 1843-இல் தொடங்கிய பணிமனை 1986-இல் மூடப்படும் வரை இந்த ஊருக்கு அதுவே கடிகாரம். அது ஊதியதும் வாயில்கள் திறந்து மிதிவண்டிகள் சாலையை நிறைத்துவிடும். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் தொப்பியைத் தேடி நின்றவர்கள் இந்த அறையில் பலர் இருக்கிறீர்கள். எக்ஸிடர், டான்டன், ரெடிங், ஆக்ஸ்ஃபோர்டு என்று ரயில் போகும் ஊர்களின் பெயர்களையே தாங்கிய தெருக்களில் வளர்ந்ததால், புவியியல் பாடத்துக்கு முன்பே அந்தப் பெயர்கள் நமக்குப் பாடமாகிவிட்டன.

பள்ளியைப் பற்றிப் பேசும்போது பாலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 1946 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாள்தோறும் மூன்றில் ஒரு பைண்ட் (சுமார் 190 மில்லிலிட்டர்) பால் இலவசம். குளிர்காலத்தில் உறைந்து மூடியைத் தூக்கி நிற்கும். ஆசிரியை சுடுநீர்க் குழாயருகே வைத்தால் குமட்டும் வெதுவெதுப்பாகிவிடும். பிடிக்காதவர்களின் பங்கையும் குடித்துப் பசியாறிய ஓர் உறுப்பினர், 1971-இல் ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அது நிறுத்தப்பட்டதை இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

பதினொரு வயதுத் தேர்வைப் பற்றிய மாலை மட்டும் சிரிப்பில்லாமல் கழிந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பர்களில் ஒருவன் தேறியவர்களுக்கான கிராமர் பள்ளிக்கும், மற்றவன் தேறாதவர்களுக்கான செகண்டரி மாடர்ன் பள்ளிக்கும் போனார்கள்; சீருடை வேறானதும் தெருவில் பேச்சும் குறைந்தது. அப்படிப் பிரிந்த இருவர், முதிய வயதில் நம் கூட்டத்தில் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் குடித்தார்கள். இவ்வாண்டு நம் சங்கம் செய்தவற்றில் எனக்கு மிகவும் நிறைவளித்தது இதுவே.

நேரம் போவது தெரியாமல் எல்லோரும் பேசியது ‘டிரிப்’ பற்றி. 1849-இல் சில நூறு பேர் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்வந்ததில் தொடங்கிய வழக்கம் அது. பின்னாளில் ஜூலையில் பணிமனையே மூடப்பட்டு, ஊர் முழுவதும் இலவச ரயிலில் கடற்கரைக்குப் புறப்பட்டது. பணிமனைத் தண்டவாளங்களிலேயே ரயில்கள் நிற்கும், நடைமேடை கிடையாது. விடியும் முன்னே அம்மாக்களை ஏணி வைத்து ஏற்றி, பிள்ளைகளைக் கீழிருந்து தூக்கிக் கொடுப்பார்கள். கடற்கரை ஊரான வேமத்தில் இறங்கினால் அடுத்த வீட்டுக்காரர்தான் அங்கேயும் பக்கத்து நாற்காலியில் இருப்பார். ஆனால் 1930-களின் இறுதி வரை அந்த விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. திரும்பி வந்த பின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதைத் தங்கள் அம்மா சொல்லிக் கேட்டவர்கள் எழுதித் தர வேண்டும். நம் நினைவுத் தொகுப்பில் இதுவரை இந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

பின்சந்தில் கோலியும் பாண்டியும், இலையுதிர் காலத்தில் செஸ்நட் கொட்டையைக் கயிற்றில் கோத்து மோதும் ஆட்டமும், 1953 பிப்ரவரியில் மிட்டாய்க்கு இருந்த பங்கீட்டுக் கட்டுப்பாடு நீங்கிய நாளின் கடைவரிசையும் தனித் தொகுப்பாகின்றன. மில்டன் சாலைக் குளத்தில் நீச்சல் கற்றவர்களின் குறிப்புகளும் அதில் சேரும்.

பணிமனைத் தொழிலாளர்களின் நூலகமும் அரங்கமுமாக இருந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் கட்டடம் இன்னும் பூட்டிக் கிடக்கிறது. நம் பெற்றோர் புத்தகம் எடுத்ததும் நடனமாடியதும் அங்கேதான். ஆகஸ்டில் பூங்காவில் பிள்ளைகளுக்குக் கேக்கும் ராட்டினமும் கொடுத்த விழாவை, இரண்டாம் உலகப் போர் வரும் வரை நடத்தியதும் அந்த அமைப்புதான். அதைச் சீரமைக்க வேண்டும் என்று நகர மன்றத்துக்கு மீண்டும் எழுத, பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். ஒலிப்பதிவுக் கருவியை இரவல் தந்த உறுப்பினருக்கும், தேநீர் தயாரித்த குழுவினருக்கும் நன்றி.

வீட்டில் வகுப்புப் படங்கள் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்புறத்தில், தெரிந்த பெயர்களைப் பென்சிலால் இடமிருந்து வலமாக எழுதுங்கள். தெரியாத முகங்களை இங்கே மற்றவர்களிடம் கேட்டுக்கொள்வோம்.

செயலாளர்