எழுதிக் கொடுக்காத உரிமை கைமாறாது

ஆசிரியருக்கு,

வணக்கம். எழுத்தாளர்களின் நூல்கள் பிடிஎப் கோப்புகளாக வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுவதைக் கண்டித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. உயிரோடு இருக்கும் ஒருவருடைய நாவலை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் அனுப்புவது திருட்டுதான். தெரிந்தே செய்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் எழுத்தாளரை ஏமாற்றுவது வாசகன் மட்டுமே என்ற எண்ணத்தைக் கட்டுரை உண்டாக்கிவிட்டது. அதற்கு வெகு முன்னால், நூல் அச்சேறும்போதே, ஒரு தாளிலும் கையெழுத்து விழாமல் அவருடைய உரிமை நடைமுறையில் போய்விடுகிறது. இதைப் பற்றி நம் பத்திரிகைகள் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை.

மதுரையில் அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சாகும் முன் பக்கங்களில் பிழை பார்ப்பது, என் தொழில். நூலின் உள்பக்கங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் முன்பக்கங்கள் என்னிடம் வரும். அதில் விலை, பக்க எண்ணிக்கை, அச்சிட்ட இடம் ஆகியவற்றுக்கு நடுவே ‘உரிமை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் ஆசிரியர் பெயர் வர வேண்டுமா, பதிப்பகத்தின் பெயர் வர வேண்டுமா என்று யாராவது உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருப்பார்கள் என்று வாசகர்கள் நினைக்கலாம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பக்க வடிவமைப்பாளர் போன நூலின் கோப்பைத் திறந்து, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிடுவார். போன நூலில் ‘உரிமை: பதிப்பகத்தாருக்கு’ என்று இருந்தால் இந்த நூலிலும் அதுவே இருக்கும். ஆசிரியர் தாமே பணம் கட்டி அச்சிட்ட கவிதைத் தொகுப்பில்கூட அந்த வரி அப்படியே ஏறி வந்ததை நான் கண்டிருக்கிறேன். கேட்டால், “அது வழக்கமாகப் போடுவதுதான் சார்” என்று பதில் வரும்.

அந்த வரியால் மட்டும் உரிமை கைமாறிவிடாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு உரக்கச் சொல்ல விரும்புகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றித் தருவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும்; தருபவரோ அவருடைய முகவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு, ராயல்டி (விற்பனையில் ஆசிரியருக்குரிய பங்கு) எவ்வளவு என்பதெல்லாம் அதில் குறிப்பிடப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லையென்றால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிராத வரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். கைப்பிரதியைப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டு, இதோ வருகிறது, அடுத்த புத்தகக் காட்சிக்கு வருகிறது என்று காத்துக் கிடப்பவர்கள் இந்த ஓராண்டுக் கணக்கை அறிந்து வைத்திருப்பது நல்லது.

எங்கள் அச்சகத்துக்கு ஒருமுறை ஓர் அம்மாள் வந்தார். அவருடைய கணவர் பள்ளி ஆசிரியர், சிறுவர் கதைகள் எழுதியவர், காலமாகிவிட்டார். அவருடைய நூலைப் பதிப்பகம் ஒன்று புதிய அட்டையுடன் மறுபடி போட்டிருந்தது. அதே கதைகள் ஒலிநூலாகவும் வந்திருந்தன. வீட்டுக்கு ஒரு தகவல்கூட இல்லை. போய்க் கேட்டபோது, “ஐயா எல்லா உரிமையையும் அப்போதே எங்களுக்குக் கொடுத்துவிட்டாரே அம்மா” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாளும் நம்பிவிட்டார். கணவர் இளகிய மனம் படைத்தவர், கொடுத்திருப்பார் என்றார். “எழுதிக் கொடுத்த தாளைக் காட்டுங்கள்” என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். அவருக்குப் பின் அவருடைய வாரிசுகள். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நிற்கும். தனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சொல்பவர்தான் அதற்கான பத்திரத்தைக் காட்ட வேண்டும்.

ஒலிநூல் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. பதிப்புரிமை என்று ஒருமையில் சொன்னாலும் அது பல உரிமைகளின் கட்டு. அச்சிடுவது, மொழிபெயர்ப்பது, நாடகமாக்குவது, திரைப்படமாக்குவது, ஒலிப்பதிவு செய்வது எல்லாம் தனித்தனி. ஒன்றைக் கொடுத்தால் மற்றவற்றையும் கொடுத்ததாக ஆகாது. பாரதியின் எழுத்துகளுக்கே இது நடந்திருக்கிறது. அவர் 1921இல் மறைந்தார். பிறகு நூல்களை வெளியிடும் உரிமை ஓரிடத்திலும், பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை வேறோர் இடத்திலும் இருந்தன. பின்னதைத் திரைப்படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் வைத்திருந்தார். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைத் தன் கைக்குக் கொண்டுவந்து, பிற்பாடு மக்களுக்குப் பொதுவாக்கியது. பாரதியின் பாடலே அப்படிப் பிரிந்து கிடந்திருக்கும்போது, இன்று எழுதுகிறவர் “எல்லா உரிமையும்” என்ற இரண்டு சொற்களின் கீழே படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு செய்த திருத்தம் இந்த இடத்தில் எழுத்தாளருக்குப் பெரிய துணை. ஒப்பந்தம் போடும் நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஓர் ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது. அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால்தான் செல்லும். நாளைக்கு வரப்போகும் கருவிகளுக்கும் சேர்த்து இன்றே மொத்தமாக எழுதி வாங்கிவிட நினைப்பவர்களுக்கு இது ஒரு தடை.

மொழிபெயர்ப்பாளர்களின் நிலை இன்னும் மோசம். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மூல நூலின் உரிமை காலாவதியாகிவிட்டதால், அதன் தமிழாக்கத்தை யார் வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்கும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். ரஷ்ய நாவல் பொதுச் சொத்தாக இருக்கலாம். அதன் தமிழ் வாக்கியங்கள் மொழிபெயர்த்தவருடையவை. அந்தத் தமிழுக்கு அவரே ஆசிரியர். அட்டையில் அவர் பெயரை விட்டுவிட்டு வந்த மறுபதிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். தாம் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, தம் பெயர் கெடும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஆகிய இரண்டும் பதிப்புரிமையை விற்ற பிறகும் படைத்தவரிடமே இருக்கும். 57ஆம் பிரிவு இது. டெல்லியில் உள்ள அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் செய்த சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். சிற்பத்தின் எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பிக் கொடுத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்து வாங்கிய அரசுக்கே அந்த நிலை என்றால், பெயரை விழுங்கும் பதிப்பாளர் எம்மாத்திரம்?

பதிவு செய்தால்தான் உரிமை உண்டு என்று பலர் நம்புகிறார்கள். இன்னும் சிலர் கைப்பிரதியை உறையில் போட்டுத் தமக்குத் தாமே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். இரண்டும் இல்லாமலேயே, எழுதி முடித்தபோதே உரிமை பிறந்துவிடுகிறது. இலக்கியப் படைப்பொன்றைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய். வழக்கு என்று வந்தால் சான்றாகப் பயன்படும், அவ்வளவுதான். வழக்கைக்கூடப் பதிப்பகம் இருக்கும் ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்தாளர் தாம் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்தை அணுக 62ஆம் பிரிவு வழி செய்கிறது. சென்னைக்கு யார் அலைவது என்று பேசாமல் இருந்துவிடும் என் ஊர்க்காரர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

பதிப்பாளர்களைப் பகைவர்களாகக் காட்டுவது என் நோக்கமில்லை. அவர்கள் கொடுக்கும் வேலையில்தான் என் வீடு நடக்கிறது. தாள் விலை ஏறுகிறது, அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை வந்தாலும் பணம் வருவதற்கு நாளாகிறது, போட்ட பிரதிகள் கட்டுக் கட்டாகக் கிடங்கில் இருக்கின்றன. ராயல்டி பத்து சதவீதம் என்று வாயால் பேசிவிட்டு, கொடுக்க முடியாமல் எழுத்தாளரின் முகத்தைப் பார்க்கக் கூசும் நல்ல மனிதர்களையும் அறிவேன். அவர்களுக்கும் எழுதி வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. காலம் குறிப்பிடாமல் வாங்கிய உரிமை ஐந்தே ஆண்டில் போய்விட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அதே நூலை வேறொருவர் போட்டுவிட்டால், கையில் தாள் இல்லாத பதிப்பாளர் எதைக் கொண்டு தடுப்பார்? எழுதிக் கேட்டால் அவநம்பிக்கை என்று எழுத்தாளர் கூச்சப்படுகிறார். எழுதிக் கொடுத்தால் கட்டுப்பட வேண்டுமே என்று பதிப்பாளர் தயங்குகிறார். வீட்டு வாடகைக்கு எழுதிக்கொள்ளும் நாம் ஒரு வாழ்நாள் உழைப்புக்கு எழுதிக்கொள்வதில்லை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது தங்கள் இதழைப் பற்றியது. வெளியிலிருந்து கதையும் கட்டுரையும் அனுப்புகிறவர் தங்கள் ஊழியர் அல்லர். இதழில் வெளியான பிறகும் அந்தப் படைப்பு அவருடையதே. ‘படைப்பாளர்கள் கவனத்துக்கு’ என்று தாங்கள் வெளியிடும் பெட்டியில், இதழில் ஒருமுறை வெளியிடும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்களா, இணையதளத்திலும் வைப்பீர்களா, பின்னாளில் தொகுப்பு நூலில் சேர்த்தால் கேட்டுப் பணம் தருவீர்களா என்பதைத் தெளிவாக அச்சிட வேண்டும். முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்கும் அந்தப் பெட்டியில் இதற்கும் மூன்று வரி இடம் இருக்கும்.

இரண்டாவது, இந்தத் துறை அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு, எழுத்தாளரும் பதிப்பாளரும் செய்துகொள்ளக்கூடிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றை எளிய தமிழில் தயாரித்து இதழில் வெளியிடுங்கள். ஒரு பக்கம் போதும். அச்சு நூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்களும், ஆண்டுக்கும் சதவீதத்துக்கும் வெற்றிடங்களும் இருக்கட்டும். கத்தரித்து எடுத்துக் கையெழுத்திட்டால் செல்லும்படி இருக்க வேண்டும். அதன் மெய்ப்பை நான் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
மதுரை.