அப்பாவின் பிக்கப்பை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் கடைக்குக் காய்கறி இறக்கும் வெள்ளை பிக்கப்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று விடியற்காலையும் அப்பா அதில்தான் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய் வந்தார். நான்கு மாதத்துக்கு முன் அதை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டவர்களை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நாலு பேர் அறிய எழுதினால்தான் என் மனம் ஆறும்.

வண்டி 2009இல் பதிவானது. வண்டியை வைத்திருக்க இங்கே வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழை 2019இல் 10 ஆண்டுக்குப் புதுப்பித்தோம். சரக்கு வாகனத்துக்கு இங்கே 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால் 2029 வரை ஓட்டலாம். 10 வயதைத் தாண்டியதால் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. செப்டம்பரில் கரும்புகை அதிகம் என்று தேறாமல் திரும்பியது. எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார்கள் ஒரு பட்டறையில். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வந்த அன்று இரவு அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

முதல் நன்றி சிராங்கூன் கார்டன்ஸ் அத்தைக்கும் மாமாவுக்கும். நாங்கள் இருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில். அங்கே கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட முடியாது. "இங்கே கொண்டு வந்து நிறுத்து, எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை" என்று தங்கள் தரைவீட்டு முற்றத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமை டீசல் வாடையோடு இருந்தார்கள். தீபாவளிக்கு அத்தை வாசலில் இடமில்லாமல், வண்டியின் முன் டயரை ஒட்டி ஒரு சின்னக் கோலம் போட்டிருந்தார்.

எதிர்வீட்டுச் சீன அங்கிளை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாற்பது ஆண்டு டீசல் எஞ்சினோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர். முதல் நாள் வேலியோரம் நின்று, வண்டியைக் கிளப்பச் சொன்னார். எஞ்சின் சத்தத்தை அவர் கவனிக்கவில்லை. டேஷ்போர்டில், ஆயில் அழுத்தம் குறைவு என்று காட்டும் சிவப்பு விளக்கையே பார்த்தார். அது அணைய ஆறேழு வினாடி ஆனது. எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். அவர் உடனே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். "இனிமேல் கிளப்பாதே. புகை அப்புறம். முதலில் அடியில் பார்க்க வேண்டும்" என்று அப்பாவிடம் மலாயில் சொன்னார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சந்தை மலாய்தான்.

அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றினோம். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். அந்த வலையில் பாதிக்கு மேல் கறுப்புப் பிசின், பால் பொங்கித் தீய்ந்த பாத்திரத்தின் அடி மாதிரி. விரலால் சுரண்டினால் மணல் போலக் கரி உதிர்ந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அங்கிள் மேலே காட்டினார். டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் மோதிரம் போல ஒரு செப்பு வாஷர் உண்டு. அது தளர்ந்தால் எரிந்த வாயு மேலே கசிந்து, வால்வு மூடிக்குள் ஆயிலை வேகவைத்துக் கரியாக்கும். கரி கீழே இறங்கி வலையை அடைக்கும். அடைபட்டால் எஞ்சினுக்கு ஆயில் போகாது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும், அந்தப் பட்டறைக்காரர் சொன்னபடி எஞ்சினையே மாற்ற வேண்டி வந்திருக்கும். காசுக்கு இரண்டு வாங்கலாம் போலிருக்கும் ஒரு செப்பு வளையம்! டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தச் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள்.

உபி வட்டாரத்தில் இருக்கும் உதிரிபாகக் கடைத் தம்பிக்கும் நன்றி. பழைய வாஷரைத் தேய்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அக்கா, ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது" என்று சேசிஸ் எண்ணைப் பார்த்துச் சரியான தடிமனில் எடுத்துக் கொடுத்தார்.

புகைக்குக் காரணம் காற்று போகும் வழி. இன்டேக் குழாய்க்குள் கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து என் சுண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. அதைக் கழற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு திருகாணி (ஸ்டட்) சிலிண்டர் ஹெட்டின் மட்டத்தோடு முறிந்துவிட்டது. அன்று எனக்கு அழுகையே வந்தது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த பக்கத்துத் தெரு பாக்சிக் (மலாய்ப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்), தொழுகை முடிந்து நேரே வந்தார். முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, "பெலான் பெலான்" (மெதுவாக, மெதுவாக) என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கால் கால் சுற்றாகத் திருப்பி வெளியே எடுத்தார். அந்தத் துண்டை அப்பா இன்னும் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறார்.

அத்தை மகனே, உனக்கும்தான். இன்ஜெக்டர் குழாய்களை மாட்டிக் கிளப்பியபோது கசிவு இருக்கிறதா என்று கையால் தடவப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். காற்றழுத்தத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்று எனக்குத் தெரியாது. அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதை மறக்க மாட்டேன். பின்னால் கேமரா பொருத்தியதும் நீதான். ஹெட்லைட், புகைக்குழாய் எதையும் மாற்றலாமா என்று நான் கேட்டபோது, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி எதற்கெல்லாம் வேண்டும் என்று படித்துப் பார்த்துவிட்டு, அவற்றைத் தொட வேண்டாம் என்றாய். அதுவே நல்லதாகப் போயிற்று.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் இருக்க வழி தேடியபோது, தங்கள் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்துக்கொண்ட காக்கி புக்கிட் பட்டறைக்கு நன்றி. தீபாவளி நெரிசலில் தன் வேனில் இடம் ஒதுக்கி எங்கள் கூடைகளையும் ஏற்றி வந்த அடுத்த கடை அண்ணனே, நீங்கள் இல்லையென்றால் அந்த ஏழு வாரம் கடையைத் திறந்திருக்கவே முடியாது. பெட்ரோல் காசு கொடுத்தும் வாங்க மறுத்துவிட்டீர்கள்.

டிசம்பர் முதல் வாரம் வண்டி பரிசோதனையில் தேறியது. பொங்கலுக்குக் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் தேக்காவின் கேம்பல் லேன் தெருவுக்கு அதில்தான் போனது. அங்கிள் ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து அத்தை வீட்டு வாசலுக்கு வந்து, அப்பா சாவியைத் திருப்புவதைப் பார்த்தார். விளக்கு இரண்டு வினாடியில் அணைந்தது. தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அங்கிள், பாக்சிக், உங்கள் இரு வீட்டுக்கும் வாரம் ஒருமுறை கீரையும் முருங்கைக்காயும் வரும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

நன்றியுடன்,
தேக்கா காய்கறிக் கடை அப்பாவும் மகளும்