திரை மாற்றிய பிறகு வெளிச்சம் குறைவது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விஆர் ஹெட்செட்டில் (கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சி பார்க்கும் கருவி) ஒரு பக்கத் திரை போய்விட்டது என்று தருகிறீர்கள், மாற்றித் தருகிறோம், வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்ததும் "புதுத் திரை போட்டும் முன்பைவிட மங்கலாக இருக்கிறதே" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. புதுத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தது நாங்கள்தான், தெரிந்தேதான் குறைத்தோம். காரணத்தை அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

குவெஸ்ட் 2 போல ஒரே திரையை இரண்டு கண்களும் பங்கு போட்டுக்கொள்ளும் ஹெட்செட்டில் இரு பக்க வெளிச்சமும் ஒத்துப்போகாத சிக்கலே இல்லை. குவெஸ்ட் 3, வால்வ் இண்டெக்ஸ், பிளேஸ்டேஷன் விஆர்2 போன்றவற்றில் கண்ணுக்கு ஒரு திரை. அடுத்தடுத்துச் செய்த இரண்டு திரைகள்கூட அச்சு அசலாக ஒரே வெளிச்சம் தராது. போதாததற்கு ஓலெட் திரை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை, எரிய எரியத் தேயும், அதிலும் நீலம் முதலில் தேயும். ஆக, இரண்டு வருடம் ஓடிய திரைக்குப் பக்கத்தில் புதியதை வைத்தால் ஒன்று பளிச்சென்றும் மற்றது சற்று மஞ்சளடித்தும் நிற்கும்.

ஆரம்பத்தில் நாங்களும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு வலது திரையை மட்டும் மாற்றி, படம் வருகிறது, கோணல் இல்லை, சரி என்று கொடுத்துவிட்டோம். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். வெளிச்சத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "ஹெட்செட்டில் டேபிள் டென்னிஸ் ஆடினால் பந்து மட்டையில் படவே மாட்டேன் என்கிறது, நேராக வரும் பந்தை அடித்துவிடுகிறேன், குறுக்கே போகும் பந்துதான் ஏமாற்றுகிறது" என்றார். அளந்து பார்த்தால் இடது திரையின் வெளிச்சம் வலதில் பாதிக்குச் சற்றுதான் மேல்.

மங்கலான படத்தைக் கண் கொஞ்சம் தாமதமாகத்தான் மூளைக்கு அனுப்பும். சில மில்லிசெகண்ட்தான், ஆனால் அதற்குள் பந்து நகர்ந்துவிடுகிறது. இடது கண் பந்தைப் பழைய இடத்தில் பார்க்கிறது, வலது கண் புதிய இடத்தில் பார்க்கிறது, மூளை அந்த இடைவெளியைத் தூரம் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. இடது பக்கம் மங்கலாக இருந்தால், இடமிருந்து வலம் போகும் பந்து உள்ளதைவிடத் தள்ளியும், வலமிருந்து இடம் வருவது கிட்டத்திலும் தெரியும். இதற்குப் புல்ஃப்ரிச் விளைவு என்று பெயர். 1922-இல் இதை விளக்கி எழுதிய கார்ல் புல்ஃப்ரிச்சுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது, அவரால் இதைத் தன் கண்ணால் பார்க்கவே முடிந்திருக்காது என்பதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் மனம் கனக்கிறது. நீங்கள் பார்க்கலாம். ஒரு நூலில் சாவியைக் கட்டி யாரையாவது இடவலமாக ஆட்டச் சொல்லுங்கள், கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்களையும் திறந்தே பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் சாவி வட்டமடிப்பது போல இருக்கும்.

சரி, மங்கலான பக்கத்தை ஏற்றிவிடலாமே என்றால், தேய்ந்த ஓலெட்டை இன்னும் விரட்டினால் இன்னும் சீக்கிரம் தேயும். பின்னாலுள்ள விளக்கின் (பேக்லைட்) வெளிச்சத்தில் படம் காட்டும் எல்சிடி திரையில் வேறு தொல்லை. தலையைத் திருப்பும்போது படம் இழுபடாமல் இருக்க, 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் ஓடும்போது, ஒரு படத்துக்குக் கிடைக்கும் 11 மில்லிசெகண்டில் ஒன்றிரண்டு மில்லிசெகண்டோ அதற்கும் குறைவாகவோதான் பேக்லைட் மின்னி அணையும். வெளிச்சம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் மட்டும் அந்த மின்னலை நீட்டினால், அந்தக் கண்ணுக்கு மட்டும் படம் இழுபடும். அதனால் பளிச்சென்ற பக்கத்தை இறக்குவதுதான் வழி.

இறக்குவதும் ஒரே திருகில் முடிகிற வேலை இல்லை. திரை சூடேறினால் வெளிச்சம் மாறும் என்பதால் அரை மணி நேரம் ஓடவிட்டு, லென்ஸின் நடுவில் வெளிச்சமானியை வைத்து வெள்ளையை அளப்போம், அப்புறம் சாம்பல், அப்புறம் கரும்சாம்பல். வெள்ளையில் பொருந்தும் ஜோடி கரும்சாம்பலில் பிரிந்து நிற்பது வாடிக்கை. குகை, இரவு வானம் மாதிரிக் காட்சிகளில் ஒரு கண்ணுக்கு மட்டும் புகை படிந்தது போலிருந்து தலை வலிப்பது இதனால்தான். எங்கள் நேரத்தில் பாதி அந்தக் கடைசிப் படிக்கே போகிறது. பழைய திரை மிகவும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வோம். கூடுதல் செலவுதான், ஆனாலும் அதைத்தான் சொல்வோம்.

ஹெட்செட்டை எங்களிடம் கொண்டுவரும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். லென்ஸைத் துடைத்து, லென்ஸ் இடைவெளியை உங்கள் கண்ணுக்குச் சரியாக வைத்து, முழுக்கச் சாம்பல் நிறமான ஒரு காட்சியைத் திறந்து, ஒவ்வொரு கண்ணாக மாற்றி மாற்றி மூடுங்கள். இடது கண்ணில் மங்கலா? ஹெட்செட்டைத் தலைகீழாகத் திருப்பி, திரை அணையாமல் இருக்க உள்ளே நெற்றிப் பக்கமுள்ள சென்சாரை விரலால் மூடிக்கொண்டு மறுபடி பாருங்கள். இப்போது இடது திரை வலது கண்ணுக்கு வந்திருக்கும். மங்கலும் வலது கண்ணுக்கு மாறினால் கோளாறு திரையில், எங்களிடம் கொடுங்கள். இடது கண்ணிலேயே நின்றால் திரையில் குறையில்லை, கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு பக்கம் மட்டும் மாற்றி வாங்கிப் போனவர்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கொண்டுவாருங்கள், கட்டணம் இல்லாமல் மறுபடி அளந்து சரிசெய்து தருகிறோம். எந்த ஆட்டத்தில், எந்தக் காட்சியில் உறுத்துகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள், முதலில் அந்தக் காட்சியைத்தான் போட்டுப் பார்ப்போம்.